காரணிகளைத் தேட வேண்டாம், எண்ணலாம்!

(கணக்குப் பக்கம்)



நம் சுவரிதழில் கணக்குப் பக்கம் என்றாலே பலர் அதைத் தாண்டிப் போய் ஜோக்கும் விடுகதையும் படிப்பீர்கள். இதே வராண்டாவில் நின்று நான் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு முறை கொஞ்சம் நில்லுங்கள். கையில் பென்சிலும் ஒரு பழைய தாளும் இருந்தால் இன்னும் நல்லது.

கேள்வி இதுதான். 72 என்ற எண்ணுக்கு மொத்தம் எத்தனை காரணிகள்? காரணி என்றால் மீதி வராமல் வகுக்கும் எண். 1, 72 இரண்டையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

நம்மில் முக்கால்வாசிப் பேர் என்ன செய்வோம்? 1 போகும், 2 போகும், 3 போகும், 4 போகும், 5 போகாது, 6 போகும்... இப்படியே சொல்லிக்கொண்டு போவோம். நடுவில் 18-ஐயோ 24-ஐயோ யாராவது விட்டுவிடுவார்கள். இதில் கஷ்டம் என்னவென்றால், விட்டது விட்டவருக்கே தெரியாது. பதினொன்று எழுதினவர் பதினொன்றுதான் சரி என்று அடித்துப் பேசுவார். பக்கத்து பெஞ்சில் பத்து எழுதினவரும் அதே மாதிரி பேசுவார். 72-க்கே இந்தப் பாடு என்றால் 5040-ஐக் கொடுத்தால் பீரியட் முடிந்து பெல் அடித்துவிடும்.

பட்டியலே போடாமல், ஒரு காரணியைக்கூடத் தேடாமல், எத்தனை என்று மட்டும் சொல்லிவிட ஒரு வழி இருக்கு. கைடுகளில் அதை ஒரே வரியில் சூத்திரமாகப் போட்டு முடித்துவிடுகிறார்கள். சூத்திரம் பரீட்சை வரைக்கும் நினைவில் இருக்கும், அப்புறம் போய்விடும். அது ஏன் சரியாக வருகிறது என்று ஒரு தடவை புரிந்துவிட்டால் மறக்கவே மறக்காது. அதனால் நான் 'ஏன்' என்பதில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

புளியங்கொட்டையும் குன்றிமணியும்

முதலில் 72-ஐப் பகா எண்களாக உடையுங்கள். ஆறாம் வகுப்பிலேயே படித்த பகாக் காரணிப்படுத்தல்தான்.

72 = 2 × 2 × 2 × 3 × 3 = 2³ × 3²

இப்போது ஒரு சின்னத் துணிப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மூன்று புளியங்கொட்டை, இரண்டு குன்றிமணி. ஒரு புளியங்கொட்டை என்றால் ஒரு 2. ஒரு குன்றிமணி என்றால் ஒரு 3. பைக்குள் கையை விட்டு உங்களுக்கு இஷ்டப்பட்டதை எடுங்கள். எடுத்ததை எல்லாம் பெருக்குங்கள். வருகிற எண் 72-ன் காரணியாகத்தான் இருக்கும். ஏன் என்றால் பையில் மிச்சம் கிடப்பதைப் பெருக்கினால் அதன் ஜோடி எண் கிடைத்துவிடுகிறது. உதாரணமாக ஒரு கொட்டை, ஒரு மணி எடுத்தால் 2 × 3 = 6. பையில் மிச்சம் இரண்டு கொட்டை, ஒரு மணி: 2 × 2 × 3 = 12. ஆறு பன்னிரண்டு எழுபத்திரண்டு. சரியா?

சரி, இந்தப் பையில் இருந்து வராத காரணி ஏதாவது 72-க்கு இருக்குமா? இருக்க முடியாது. ஒரு எண்ணைப் பகா எண்களாக உடைத்தால், எந்த வழியில் உடைத்தாலும் கடைசியில் அதே பகா எண்கள்தான் அதே எண்ணிக்கையில் வரும். இதற்கு எண்ணியலின் அடிப்படைத் தேற்றம் என்று பெயர். 1801-ல் காஸ் தன் புத்தகத்தில் இதைத் தெளிவாக நிரூபித்து வைத்திருக்கிறார். ஆகவே 72-க்குள் 5 ஒளிந்திருக்க வழியில்லை. நாலாவது புளியங்கொட்டையும் இல்லை. பையில் இல்லாததை எடுக்க முடியாது, அவ்வளவுதான். அதே தேற்றம் இன்னொன்றையும் சொல்கிறது: இரண்டு பேர் வேறு வேறு விதமாக எடுத்தால் இரண்டு பேருக்கும் ஒரே எண் வராது. ஆக எதுவும் விட்டுப்போகாது, எதையும் இரண்டு தடவை எண்ணவும் மாட்டோம்.

அப்படின்னா, காரணிகள் எத்தனை என்று கேட்பதும், பையில் இருந்து எத்தனை விதமாக எடுக்கலாம் என்று கேட்பதும் ஒரே கேள்விதான்!

புளியங்கொட்டை: ஒன்றும் எடுக்காமல் இருக்கலாம், ஒன்று எடுக்கலாம், இரண்டு, மூன்று. மொத்தம் 4 விதம். குன்றிமணி: ஒன்றும் இல்லை, ஒன்று, இரண்டு. மொத்தம் 3 விதம். கொட்டையில் எந்த விதத்தை எடுத்தாலும் அதோடு மணியில் மூன்று விதமும் சேரும். ஆகவே 4 × 3 = 12.

72-க்கு 12 காரணிகள். சந்தேகம் இருந்தால் கட்டம் போட்டுப் பாருங்கள்:

1 . . . . . 3 . . . . . 9
2 . . . . . 6 . . . . . 18
4 . . . . . 12 . . . . 36
8 . . . . . 24 . . . . 72

ஒவ்வொரு வரிசையும் கீழே இறங்கினால் ஒரு புளியங்கொட்டை கூடும். ஒவ்வொரு பத்தியும் வலப்பக்கம் போனால் ஒரு குன்றிமணி கூடும். மேலே இடது மூலையில் இருக்கும் 1 யார் தெரியுமா? ஒன்றுமே எடுக்காத வெறும் கை. கீழே வலது மூலையில் 72, பையையே கவிழ்த்தவர்.

இப்போது சூத்திரத்தைச் சொல்லலாம். பகா எண்களாக உடை. ஒவ்வொரு அடுக்கோடும் 1 கூட்டு. கூட்டி வந்ததை எல்லாம் பெருக்கு. அந்த '1 கூட்டு' எங்கிருந்து வந்தது என்று இப்போது யாரும் கேட்க மாட்டீர்கள். 'எடுக்காமல் விடுவதும் ஒரு விதம்' என்பதுதான் அந்த 1.

பழகிப் பார்ப்போம். 60 = 2² × 3 × 5. அடுக்குகள் 2, 1, 1. ஆக 3 × 2 × 2 = 12. அடுக்கு எழுதாமல் வெறும் 3 என்று இருந்தால் அதன் அடுக்கு 1 என்பதை மறக்கக்கூடாது. 100 = 2² × 5², ஆக 3 × 3 = 9. பீரியடையே முழுங்கும் என்று சொன்ன அந்த 5040? 5040 = 2⁴ × 3² × 5 × 7. ஆக 5 × 3 × 2 × 2 = 60. அரை நிமிஷ வேலை.

இந்த 5040-க்கு ஒரு பழைய கதையே உண்டு. கிரேக்க நாட்டு பிளேட்டோ 'சட்டங்கள்' என்ற தன் நூலில், ஒரு நல்ல நகரத்தில் 5040 குடும்பங்கள் இருக்க வேண்டும் என்கிறார். நிலத்தைப் பிரிக்க, வரி போட, படைக்கு ஆள் எடுக்க, எதற்கும் மீதி இல்லாமல் பிரிக்கலாம் என்பது அவர் கணக்கு. அவர் 59 வகுத்திகள் என்று சொல்கிறார். நமக்கு 60 வருகிறதே என்று பயப்பட வேண்டாம். அவர் 5040-ஐ அதற்கே ஒரு வகுத்தியாக எண்ணவில்லை.

எங்கே சறுக்குகிறார்கள்?

எங்கள் வகுப்பு நோட்டுகளைப் பார்த்ததில் ஒரு விஷயம் தெரிந்தது. 1 கூட்ட மறப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அதிகம் பேர் சறுக்குவது பகா எண் வரை உடைக்காமல் பாதியில் நிறுத்துவதில்தான். 36 = 6² என்று எழுதி, அடுக்கு 2, ஆக 3 காரணிகள் என்று முடித்துவிடுகிறார்கள். 6 பகா எண் இல்லையே! அது ஒரு கொட்டையும் ஒரு மணியும் சேர்த்துக் கட்டின முடிச்சு. முடிச்சை அவிழ்க்காமல் எடுத்தால், கொட்டையை மட்டும் தனியாக எடுக்கிற வழி எல்லாம் போச்சு. 36 = 2² × 3², 3 × 3 = 9 என்பதே சரி. 4 × 9 என்று நிறுத்துவதும் இதே கதைதான்.

97 பேர் நின்ற கதை

இது பரீட்சைக்கு மட்டும்தான் என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். விளையாட்டு விழாவுக்கு மாஸ் டிரில் பழகினோம் அல்லவா? பட்டியலில் 97 பேர். எல்லா வரிசையும் சமமாக இருக்க வேண்டும், கடைசி வரிசை மொட்டையாக நிற்கக் கூடாது என்று பி.இ.டி. சார் சொன்னார். எட்டு எட்டாக நிறுத்தினோம், ஒருத்தர் மிச்சம். ஆறு ஆறாக நிறுத்தினோம், ஒருத்தர் மிச்சம். பன்னிரண்டிலும் ஒருத்தர் மிச்சம். ஒவ்வொரு தடவையும் மிச்சம் நின்றது கடைசியில் இருந்த அதே ஆறாம் வகுப்புத் தம்பி. அவனை உட்காரச் சொல்லிவிடலாம் என்று பேச்சு வந்தது. அவன் வெள்ளை கேன்வாஸ் ஷூ புதுசாக வாங்கி வந்திருந்தான்.

97 ஒரு பகா எண். 2, 3, 5, 7 நான்காலும் போகாது. அடுத்த பகா எண் 11-ன் வர்க்கம் 121, அது 97-ஐத் தாண்டிவிட்டது, அதற்கு மேல் பார்க்கவே வேண்டாம். காரணிகள் 1, 97 இரண்டே இரண்டு. அதாவது ஒரே வரிசையாக நிற்கலாம், வேறு வழி கிடையாது. தப்பு அந்தத் தம்பி மேலும் இல்லை, நிறுத்தியவர்கள் மேலும் இல்லை, எண் அப்படி.

காரணிகள் எப்போதும் ஜோடியாக வரும், ஒவ்வொரு ஜோடியும் ஒரு செவ்வகம். ஒருவரை எடுத்துவிட்டால் 96 = 2⁵ × 3, காரணிகள் 12, ஆறு விதமான செவ்வகம். 8 × 12 பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது ஒருத்தன் வெளியே உட்கார்ந்து பார்க்கிற அழகு. ஒருவரைச் சேர்த்தால்? 98 = 2 × 7². காரணிகள் 2 × 3 = 6, மூன்று செவ்வகம். 1 × 98 என்றால் வரிசை கேட்டைத் தாண்டிப் போகும். 2 × 49 ரேஷன் கடை க்யூ மாதிரி இருக்கும். 7 × 14 அருமை! தண்ணீர்க் குடத்துக்குக் காவலாக நிறுத்தியிருந்த ஏழாம் வகுப்புத் தங்கையைக் கூப்பிட்டோம். அந்தத் தங்கை ஒரு வாரமாக ஓரத்தில் நின்றே எல்லா எண்ணிக்கையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தது. சார் சிரித்துக்கொண்டே, "சரிடா, பதினாலு வரிசை போடு" என்றார். சுண்ணாம்புக் கோடு போட்டது நாங்கள்தான்.

ஜோடி இல்லாத காரணி

காரணிகள் ஜோடியாக வரும் என்றேன். அப்படியானால் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாக இருக்க வேண்டுமே, 36-க்கும் 100-க்கும் மட்டும் 9 எப்படி? 36-ல் 6-க்கு ஜோடி 6-தான். 100-ல் 10-க்கு ஜோடி 10. தனக்குத்தானே ஜோடி. இது வர்க்க எண்களுக்கு மட்டுமே நடக்கும். நம் சூத்திரத்திலும் இது தெரியும்: வர்க்க எண்ணில் எல்லா அடுக்கும் இரட்டைப்படை, 1 கூட்டினால் எல்லாம் ஒற்றைப்படை, ஒற்றைப்படைகளைப் பெருக்கினால் ஒற்றைப்படைதான்.

இதை வைத்து ஒரு பழைய புதிர். வரிசையாக 100 பல்புகள், எல்லாம் அணைந்திருக்கின்றன. முதல் ஆள் எல்லா சுவிட்சையும் ஒரு தடவை தட்டுகிறார். இரண்டாம் ஆள் 2, 4, 6... என்று தட்டுகிறார். மூன்றாம் ஆள் 3, 6, 9... இப்படி நூறு பேர். கடைசியில் எத்தனை பல்பு எரியும்? 72-ம் பல்பை அதன் காரணி எண் உள்ள ஆட்கள் மட்டும்தான் தொடுவார்கள், 12 தடவை. இரட்டைப்படை, ஆகவே அணைந்துவிடும். 36-ம் பல்பு 9 தடவை, எரியும். ஆக எரிவது 1, 4, 9, 16... 100 என்ற பத்து வர்க்க எண்கள் மட்டும். நூறு பேரும் ஓட வேண்டியதே இல்லை.

முந்திரிக் கணக்கு

நம் தாத்தா காலத்துத் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி என்று ஒன்று படித்தார்கள். அதில் சின்ன அளவு முந்திரி. கொறிக்கிற முந்திரி இல்லை! 320-ல் ஒரு பங்கு. அது ஏன் 320? 320 = 2⁶ × 5. காரணிகள் 7 × 2 = 14. ஒன்றை முந்திரியாகப் பிரித்துவிட்டு எத்தனை விதமாகச் சமமாகச் சேர்க்கலாம் என்று பார்த்தால் 14 விதம். பதினாலுக்கும் தமிழில் பெயர் இருக்கிறது! 1 முந்திரி, 2 சேர்ந்தால் அரைக்காணி, 4 காணி, 5 கால்வீசம், 8 அரைமா, 10 அரைவீசம், 16 ஒரு மா, 20 வீசம் என்கிற மாகாணி, 32 இருமா, 40 அரைக்கால், 64 நாலுமா, 80 கால், 160 அரை, 320 ஒன்று. வாய்ப்பாடு மாதிரி இருந்தாலும் இது 320-ன் காரணிப் பட்டியல்தான்.

ஆனால் இந்தப் பையில் குன்றிமணி இல்லை பாருங்கள். 320-க்குள் 3 கிடையாது. அதனால் மூன்று அண்ணன் தம்பிகள் சமமாகப் பிரித்தால் முந்திரிக் கணக்கில் ஆளுக்கு 106 போக 2 மிச்சம் நிற்கும். கடிகாரத்தில் இந்தத் தொல்லை இல்லை. பாபிலோனியர்கள் பிடித்துக்கொண்ட 60-க்குள் 2, 3, 5 மூன்றும் இருப்பதால் மணியில் மூன்றில் ஒன்று சரியாக 20 நிமிஷம். 100 நிமிஷம் என்று வைத்திருந்தால் 33 போட்டுத் திண்டாடியிருப்போம். 100 பெரிய எண்தான், ஆனால் காரணி 9. 60-க்கு 12.

ராமானுஜன் பிடித்த எண்கள்

100-ஐ விடச் சின்ன 60-க்கு அதிகக் காரணி என்றதும், இன்னொரு கேள்வி வரும். தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும் விட அதிகக் காரணி உள்ள எண்கள் எவை? கும்பகோணத்தில் படித்த நம் சீனிவாச ராமானுஜன் இதைத்தான் பிடித்துக்கொண்டார். 1915-ல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் இதைப்பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது இந்த ஆராய்ச்சிக்குத்தான்.

அந்த எண்கள் இப்படிப் போகும்: 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720, 840, 1260, 1680, 2520, 5040... பிளேட்டோவின் எண்ணும் இதில் இருக்கிறது பாருங்கள்.

இவற்றை உடைத்துப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். 2-ல் இருந்து ஆரம்பித்து எந்தப் பகா எண்ணையும் தாண்டாமல் வரும். அடுக்குகள் போகப்போகக் குறையும் அல்லது சமமாக இருக்கும், கூடவே கூடாது. யோசித்தால் நியாயம்தான். நிறைய எடுக்க வேண்டியது விலை குறைந்த சரக்கான 2-ஐ. விலை கூடின 7-ஐ இரண்டு எடுத்து 2-ஐ ஒன்று மட்டும் எடுத்தால் எண் வீணாகப் பெரிசாகும், காரணி கூடாது. 98-ம் (2 × 7²) 12-ம் (2² × 3) இப்படித்தான். இரண்டுக்கும் காரணி 6. ஆனால் 98 எங்கே, 12 எங்கே! கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1 என்றும் ராமானுஜன் காட்டினார். விதிவிலக்கு இரண்டே இரண்டு: 4, 36.

அவர் பட்டியல் 6746328388800 வரை போகிறது. இதைப் படிக்கவே மூச்சு வாங்கும். உடைத்தால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23. காரணிகள் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10080. கம்ப்யூட்டர், கால்குலேட்டர் எதுவும் இல்லாமல் நூறுக்கும் மேற்பட்ட இப்படிப்பட்ட எண்களைப் பட்டியல் போட்டார். அதில் ஒன்றே ஒன்று விட்டுப்போனது, 293318625600. அது வேறு எதுவும் இல்லை, மேலே சொன்ன எண்ணில் கடைசி 23-ஐ எடுத்துவிட்டால் வருவதுதான். அதற்கு எத்தனை காரணி? 10080-ல் பாதி, 5040!

ஒரு எச்சரிக்கை

இந்த முறையில் எண்ணுவது சுலபம், உடைப்பதுதான் வேலை. 9991-க்கு எத்தனை காரணி என்று கேட்டால் சூத்திரம் கையில் இருந்தும் பயன் இல்லை. 2, 3, 5, 7 என்று ஆரம்பித்து 100-க்குள் உள்ள 25 பகா எண்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தால், இருபத்தைந்தாவதான 97-ல்தான் போகும். 9991 = 97 × 103. காரணி 4. (நம் மாஸ் டிரில் 97 இங்கேயும் வந்து நிற்கிறது!) 9991 = 100² − 3² என்று கண்டுபிடிக்கிறவர் மட்டும் ஒரே நொடியில் தப்பிப்பார். எண் நூற்றுக்கணக்கான இலக்கம் என்றால் கம்ப்யூட்டரும் திணறும். அந்தத் திணறலை நம்பித்தான் 1977-ல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் மூவரும் ஒரு ரகசியக் குறியீட்டு முறையையே உருவாக்கினார்கள்.

உங்களுக்குச் சில கேள்விகள்

1) ராமானுஜன் பெயரோடு சேர்ந்த 1729-க்கு எத்தனை காரணிகள்?
2) சரியாக 10 காரணிகள் உள்ள மிகச் சிறிய எண் எது?
3) 1000-க்குள் சரியாக 7 காரணிகள் உள்ள எண்கள் இரண்டே இரண்டு. அவை எவை? (குறிப்பு: 7 பகா எண். ஆகவே பையில் எத்தனை வகைச் சரக்கு இருக்க முடியும்?)
4) நீங்கள் பிறந்த ஆண்டுக்கு எத்தனை காரணிகள்? 2010-ல் பிறந்தவர்களுக்கு 16. 2011-ல் பிறந்தவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, அது பகா எண்!

விடைகளை வெள்ளிக்கிழமைக்குள் சுவரிதழின் கீழே இருக்கும் அட்டைப் பெட்டியில் போடுங்கள். பெயர், வகுப்பு, பிரிவு எழுத மறக்காதீர்கள். பட்டியல் போட்டு எண்ணியவர்கள் அந்தப் பட்டியலையும் சேர்த்துப் போடுங்கள், எது விட்டுப்போச்சுன்னு அடுத்த இதழில் சேர்ந்து பார்ப்போம்.

- பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு